அப்பாருவின் நெற்றிப் பொட்டு: கோபி வட்டாரத்து எண்ணெய் ஓவியம் ஒன்றின் சீரமைப்பு

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் ஊர் ஒன்றில் பழைய தொட்டிக்கட்டு வீடு. அதன் ஆசாரம் எனப்படும் கூடத்துச் சுவரில் மூன்று தலைமுறைகளாகத் தொங்கிய ஆளுருவ ஓவியத்தைச் சீரமைத்த விவரம் இது. ஓவியத்தின் உயரம் ஏறத்தாழ 90 செ.மீ., அகலம் 65 செ.மீ. உருமாலை கட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட பழுப்புக் கோட்டு அணிந்த நடுவயதுக்காரர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இடது கை கைத்தடியின் மேல் இருக்கிறது. பக்கத்தில் சிறு மேசை, பின்னால் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரை. ஓவியரின் கையெழுத்து இல்லை, ஆண்டும் இல்லை. வீட்டார் அவரைப் பெரிய அப்பாரு என்கிறார்கள். வீட்டின் மூத்தவரான ஆத்தாவுக்கு அவர் மாமனார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் ஓவியத்தைப் பாதுகாப்பது பற்றிய கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளின் அருங்காட்சியகங்களையும் மாளிகைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கணப்படுப்புப் புகை, புகையிலைக் கறை, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவதால் வரும் வறட்சி ஆகியவற்றைப் பற்றி அவற்றில் நிறையப் படிக்கலாம். நம் வீடுகளில் இருக்கும் முன்னோர் படங்கள் கும்பிடப்படுகிறவை. விளக்குப் புகையும் சாம்பிராணியும் சந்தனமும் குங்குமமும் மாலைத் தண்ணீரும் அவற்றின் மேல் ஆண்டுக்கணக்கில் படிகின்றன. ஓவியத்துக்குக் கேடு செய்தது எதுவோ, அதே அன்புதான் அதை எடைக்குப் போடாமல் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. இரண்டையும் மதித்துத்தான் இங்கே வேலை செய்ய முடியும்.

முதலில், இது ஓவியம்தானா?

நம் பக்கத்து வீடுகளில் எண்ணெய் ஓவியம் என்று சொல்லப்படுபவற்றில் பல அப்படிப்பட்டவை அல்ல. ராஜா ரவி வர்மா (1848–1906) 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்தும், பின்னர் வந்த பல அச்சகங்களிலிருந்தும் வண்ணக் கல்லச்சுப் படங்கள் ஊர் ஊராகப் போயின. அவற்றில் சிலவற்றுக்கு வார்னிஷ் பூசி, துணியின் சொரசொரப்பையும் பதித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓவியம் போலவே தெரியும். இன்னொரு வகை, பெரிதாக்கிய புகைப்படத்தின் மேல் வண்ணம் தீட்டியது. அதில் வண்ணத்துக்கு அடியில் இருப்பது ஜெலட்டின் படலம். ஈரப் பஞ்சு பட்டால் அது ஊதிக் குழைந்துவிடும். எனவே எந்த வீட்டுப் படமானாலும் முதல் வேலை உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பதுதான். கல்லச்சில் புள்ளிகள் தெரியும். புகைப்படத்தில் தூரிகைக்கு அடியில் வழுவழுப்பான தாள் தெரியும். இந்தப் படத்தில் தூரிகையின் மயிர்க்கோடுகள் தெளிவாக இருந்தன. உருமாலையின் வெள்ளை மடிப்புகளில் வண்ணம் திட்டாக எழும்பி நின்றது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் துணியில் வரைந்த எண்ணெய் ஓவியம்.

துணி, ஐரோப்பாவிலிருந்து வந்த லினன் அல்ல. நம் ஊர்க் காடாத் துணியைப் போன்ற கெட்டியான பருத்தி. அதன்மேல் பசை தடவி, வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து, பிறகு வரைந்திருக்கிறார்கள். அடிப்பூச்சு ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருந்ததைப் பார்த்தால், கடையில் வாங்கிய தயார் கேன்வாஸ் அல்ல, கையால் பூசியது என்று எண்ணத் தோன்றுகிறது. முகமும் கைகளும் தேர்ந்த கையால் வரையப்பட்டவை. திரையும் மேசையும் வேகமாக முடிக்கப்பட்டவை. புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கலாம். தோளின் இறுக்கமும், நேராக நம்மைப் பார்க்கும் பார்வையும் அப்படி நினைக்க வைக்கின்றன.

வந்து சேர்ந்த நிலை

முகம் கிட்டத்தட்டக் கறுத்திருந்தது. படத்துக்குக் கீழே மாடத்தில் விளக்கு. அதன் புகை கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே ஏறி, முகத்தில் அடர்ந்து படிந்திருந்தது. புகைக்கரியின் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் வார்னிஷின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. சாம்பிராணி பிசின் ஆகையால் அதன் புகையில் ஒட்டும் பொருள் உண்டு. அது தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றுக்கு மேல் தேங்காய் எண்ணெய். நோம்பி நாட்களில் படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று துணியில் தொட்டுத் துடைத்திருக்கிறார்கள். பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. துடைத்த அன்று நிறம் தூக்கலாகத் தெரிவதால் பலன் இருப்பது போலவே தோன்றும். ஓவியர்கள் வண்ணத்தில் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப் படலமாக மாறுகிற வகை. இப்படிக் காயும் திறனைக் காட்டும் அயோடின் எண் அதற்கு 170-க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு அந்த எண் பத்தை ஒட்டித்தான் வரும். அது எத்தனை ஆண்டானாலும் காயாது. பிசுபிசுப்பாகவே இருந்து, பறக்கிற புழுதியையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

கீழ் விளிம்பு நெடுகிலும் வண்ணம் செதில் செதிலாகத் தூக்கியிருந்தது. சில இடங்களில் உதிர்ந்து துணி தெரிந்தது. இதற்குக் காரணம் படத்தில் இல்லை, சுவரில் இருந்தது. அந்தச் சுவருக்கு வெளியே சற்றுத் தள்ளி வயல். வாய்க்காலில் தண்ணீர் விடும் மாதங்களில் ஈரம் அடித்தளத்திலிருந்து சுவரில் ஏறும். தண்ணீர் நின்ற பிறகு சுவர் காயும். பருத்தி நூல் ஈரத்தில் தடிக்கிறது, நெசவு சுருங்குகிறது. அடியில் இருக்கும் பசையும் ஊதிச் சுருங்குகிறது. வயதான எண்ணெய் வண்ணத்துக்கு அந்த நெகிழ்ச்சி கிடையாது. துணி ஒரு பக்கம் இழுக்க, வண்ணம் வர மறுத்துப் பெயர்ந்துகொள்கிறது. ஓவியத்தை என்னதான் செப்பனிட்டாலும் அதே சுவரில் மாட்டினால் சில ஆண்டுகளில் பழைய கதைதான். இதை முதல் பேச்சிலேயே வீட்டாரிடம் சொல்லிவிட்டேன்.

வலது கீழ்ப்புறத்தில் விரல் நீளக் கிழிசல். வெள்ளையடித்தபோது ஏணி முனை குத்தியது என்றார்கள். பின்பக்கம் காக்கித் துணியை வெள்ளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். பசை இறுகியபோது அந்தத் துண்டின் வடிவம் முன்பக்கத்தில் மேடாகத் தெரியத் தொடங்கியிருந்தது. உருமாலையின் ஓரத்தில் யாரோ எனாமல் பெயின்ட் தீட்டியிருந்தார்கள். புற ஊதா விளக்கில் அந்த இடம் கறுப்புத் தீவாகத் தெரிந்தது. சுற்றியிருந்த பழைய வார்னிஷ் பச்சை கலந்த மங்கிய ஒளி வீசியது. இயற்கைப் பிசின் வார்னிஷின் அடையாளம் அது. கோட்டுக்குள் தெரியும் சட்டையின் வெள்ளை மஞ்சளாக ஒளிர்ந்தது. துத்தநாக வெள்ளை அப்படித்தான் ஒளிரும்.

கடைசியாக நெற்றி. புருவ மத்தியில் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக ஏறி, பக்கவாட்டு வெளிச்சத்தில் சிறு குன்றாக நிழல் விழும் அளவுக்கு உயர்ந்திருந்தன. அதிலிருந்து சிவப்பு மூக்கு வரை வழிந்து கறையாகியிருந்தது.

நெற்றியைப் பற்றிய பேச்சு

ஓவியத்தைச் சீரமைக்கக் கேட்டு வந்த பேரனுக்கு, வரைந்தபோது அப்பாரு எப்படி இருந்தாரோ அப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் விருப்பம். ஆத்தாவிடம் பேசாமல் நெற்றியைத் தொட மாட்டேன் என்று நான் சொன்னதால், அவரே என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார்.

"நான் வாக்கப்பட்டு வந்தபோதே அவர் இல்லை, அம்மணி. எனக்கு மாமனார் என்றால் இந்தப் படம்தான். வந்த முதல் அமாவாசையிலிருந்து பொட்டு வைக்கிறேன். அதை அழுக்கு என்று எடுத்துவிட்டால் நான் இத்தனை நாள் செய்தது என்ன?" என்றார் ஆத்தா.

இதற்கு வேதியியலில் பதில் இல்லை. எங்கள் துறையில், பிற்காலத்தில் சேர்ந்தவற்றிலும் பொருளின் வரலாறு இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அகற்றக்கூடாது என்பது ஏற்றுக்கொண்ட கொள்கை. ஆத்தா கேட்டது அதைத்தான். ஒரு மருமகள் ஒருபோதும் பார்த்திராத மாமனாருக்கு வாழ்நாள் முழுதும் செய்த மரியாதை அந்தச் சந்தன அடுக்கில் இருந்தது. அதைப் புகைக்கரியோடு ஒரே கணக்கில் சேர்க்க என்னால் முடியாது.

ஆனால் பொட்டு, படத்தைத் தின்றுகொண்டும் இருந்தது. சந்தனக் குழம்பு காயும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது கீழே இருக்கும் வண்ணத்தைப் பற்றி இழுக்கிறது. ஒவ்வொரு முறை ஈரமாக வைக்கும்போதும் தண்ணீர் வெடிப்புகள் வழியே இறங்கித் துணிக்கும் வண்ணத்துக்கும் இடையிலான பசையை ஊற வைக்கிறது. குங்குமம், மரபுப்படி மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் சிவக்க வைப்பது. சுண்ணாம்பு காரம். எண்ணெய் வண்ணம் எதைத் தாங்கினாலும் காரத்தைத் தாங்காது, சோப்பாக மாறி இளகும். கடைக் குங்குமத்தில் செயற்கைச் சாயம் இருந்தால் அது தண்ணீரில் கரைந்து இன்னும் ஆழமாக இறங்கும்.

உருப்பெருக்கி வழியே எடுத்த படத்தை ஆத்தாவிடம் காட்டினேன். சந்தன அடுக்கின் ஓரத்தில் வண்ணம் சுருண்டு எழுந்திருப்பதும், இடது புருவத்தின் நுனி அந்த அடுக்கோடு ஒட்டித் தூக்கிக்கொண்டு நிற்பதும் தெரிந்தன. நெடுநேரம் பார்த்தார். "அவருக்கு வலிக்கிற மாதிரி நானே செய்திருக்கிறேனா?" என்று கேட்டார். அப்படி இல்லை, கண்ணாடி ஒன்று இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று சொன்னேன். அதிலிருந்துதான் வழி பிறந்தது. பொட்டை எடுத்துவிடுவது, ஓவியத்துக்கு முன்னால் இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்துவது, இனிப் பொட்டைக் கண்ணாடியின் மேல் வைப்பது. எடுத்த சந்தனத்தை வீசக்கூடாது, வீட்டிலேயே வைக்க வேண்டும் என்றார் ஆத்தா. ஒப்புக்கொண்டேன். அந்தப் பேச்சு முடியாமல் நான் ஒரு துளிகூட நீர் தொட்டிருக்க மாட்டேன்.

சுத்தம் செய்தது

உதிரும் வண்ணத்தை முதலில் நிலைநிறுத்தாமல் சுத்தம் செய்யத் தொடங்குவது, பழைய படங்கள் கெடுவதற்குப் பெரிய காரணம். ஒரு பஞ்சு உருட்டலில் போகிற செதில் திரும்பி வராது. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கீழ் விளிம்பில் மெல்லிய ஜப்பானியத் தாளை வலுக்குறைந்த பசையால் ஒட்டி, படத்தை முகம் மேலே இருக்கும்படி படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். பிறகு ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையை வெதுவெதுப்பான நீரில் மிக மெலிதாகக் கரைத்து, செதிலுக்கு அடியில் நுண்ணிய தூரிகையால் விட்டு, சூடேற்றிய சிறு கரண்டியால் பாலியஸ்டர் தாளின் மேலாக அழுத்திப் படிய வைத்தேன். இந்தப் பசைக்கு ஒட்டும் திறன் அதிகம், காய்ந்த பிறகு பளபளக்காது, தேவைப்பட்டால் ஈரத்தில் மீண்டும் இளகும். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பொறுமைதான் வேலை.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். மேலே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போது தண்ணீர் சார்ந்த எதுவும் பிடிக்காது, முத்து முத்தாக உருண்டுவிடும். எனவே முதலில் வெள்ளை ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான். அது தேங்காய் எண்ணெயைக் கரைத்து எடுத்தது. வார்னிஷை அது தொடவில்லை என்று ஓரத்தில் சோதித்த பிறகே முகத்துக்குப் போனேன். மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, தேய்க்காமல் உருட்ட வேண்டும். பஞ்சு நிறம் மாறியதும் வேறு பஞ்சு.

புகைக்கரியை எடுக்க உலகெங்கும் சீரமைப்பாளர்கள் முதலில் சோதிப்பது தங்கள் உமிழ்நீரைத்தான். அதில் இருக்கும் நொதிகளும் அமிலமும் காரமும் மிகாத அதன் நடுநிலைத் தன்மையும் மேற்பரப்பு அழுக்கை மென்மையாக எடுக்கும். கும்பிடும் படத்தின் மேல் எச்சில் படுவதை அந்த வீட்டார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை யோசிக்கவே தேவையில்லை. அந்த வழியை நினைவிலிருந்தே ஒதுக்கிவிட்டு, அயனி நீக்கிய நீரில் ட்ரைஅம்மோனியம் சிட்ரேட்டை நூற்றுக்கு ஒரு பங்கு கரைத்துப் பயன்படுத்தினேன். சிட்ரேட், அழுக்கைப் பிடித்து வைத்திருக்கும் உலோக அயனிகளைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் கரி விடுபடுகிறது. பிறகு வெறும் நீரால் சிட்ரேட்டை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பஞ்சில் வந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் நம் வீட்டு விளக்கா!" என்று வியந்தார் பேரன்.

கரி போன பிறகுதான் மஞ்சள் வார்னிஷ் முழுதாகத் தெரிந்தது. ஓவிய வார்னிஷ்களில் டாமர், மாஸ்டிக் போன்ற மரப்பிசின்கள் முக்கியமானவை. அவை ஒளியிலும் காற்றிலும் மஞ்சளித்துப் பழுப்பாகும். நீலத்தின் மேல் மஞ்சள் படலம் இருந்தால் கண்ணுக்குப் பச்சைதான் தெரியும். வீட்டார் எல்லோரும் பச்சைத் திரை என்றே சொல்லிவந்த திரை, வார்னிஷ் மெலிந்ததும் ஆழ்ந்த நீலமாக வெளிவந்தது.

கரைப்பானாக ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை வெள்ளை ஸ்பிரிட்டில் கலந்து, குறைந்த அளவிலிருந்து மெல்ல ஏற்றிச் சோதித்தேன். திரையிலும் முகத்திலும் ஒன்றுக்கு மூன்று என்ற கலவையிலேயே வார்னிஷ் இளகியது. கோட்டில் அதே கலவை கொஞ்சமும் வேலை செய்யவில்லை. சற்றே கூட்டியபோது பஞ்சில் பழுப்பு வந்தது. வார்னிஷின் மஞ்சள் பழுப்பு அல்ல, கோட்டின் நிறமே. ஓவியர் அந்த இருண்ட நிறத்துக்கு ஆழம் வர வேண்டும் என்று வண்ணத்திலேயே பிசினைக் கலந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் வார்னிஷுக்கும் வண்ணத்துக்கும் நடுவே எல்லை கிடையாது. சோதனைத் துளியோடு நிறுத்திவிட்டேன். கோட்டின் மேல் பழைய வார்னிஷ் அப்படியே இருக்கிறது. முகத்திலும் அதை முற்றாக எடுக்கவில்லை. மெலிதான ஒரு படலம் விட்டிருக்கிறேன். முகம் மட்டும் புதுப்பானை போல் பளபளக்க, கோட்டு மங்கியிருந்தால் இரண்டும் ஒரே ஓவியத்தைச் சேர்ந்தவையாகத் தெரியாது. பழைய படம் பழையதாகத் தெரிவதில் குறை எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பளிச்சென்று புதிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் யாரும் குடும்பப் படத்தைக் கொடுக்க வேண்டாம்.

இந்த இடத்தில் வீட்டு வைத்தியங்களைப் பற்றி ஒரு சொல். வெட்டிய உருளைக்கிழங்கால் தேய்ப்பது, விபூதி போட்டுத் துலக்குவது, எலுமிச்சைச் சாறு, ஷாம்பு என்று பல யோசனைகள் உலவுகின்றன. உருளைக்கிழங்கு வெடிப்புகளில் மாவுச்சத்தை விட்டுப்போகும், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது தீனி. விபூதி தேய்ப்புப் பொடி, வண்ணத்தின் மேட்டை அரைத்துவிடும். சோப்பு நீர் வெடிப்பு வழியே பருத்தித் துணிக்குப் போய்ச் சேரும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதைத் தவிர வேறு எதையும் வீட்டில் செய்யக்கூடாது. வண்ணம் செதிலாக எழுந்திருந்தால் அதுவும் கூடாது.

நெற்றிச் சந்தனத்தை நீரில் நனைக்க முடியாது. கூழ் நிலையில் இருக்கும் மெத்தில் செல்லுலோஸை அதன்மேல் வைத்து, ஈரம் சந்தனத்துக்குள் மட்டும் மெதுவாக இறங்கும்படி செய்தேன். இளகிய மேல் அடுக்கை உருப்பெருக்கியின் கீழ் ஸ்கால்பெல்லால் சீவி எடுப்பது, காயவிடுவது, மீண்டும் கூழ். கீழே போகப் போக எச்சரிக்கை கூடியது. கடைசி அடுக்கு எழுந்தபோது அதனடியில் நெற்றி இல்லை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தில் வண்ணம் முழுவதும் போய், அடிப்பூச்சும் இளஞ்சிவப்பாகச் சாயம் ஏறியிருந்தது. ஓரத்தில் மிஞ்சியிருந்த செதில்களைப் பசையிட்டு அமர்த்தினேன். இடது புருவத்தின் நுனி பத்திரமாகத் திரும்ப அமர்ந்தது, ஆனால் அதன் மேல் பாதி அரித்துப் போயிருந்தது.

அடிப்பூச்சில் ஏறிய அந்தச் சிவப்பை வெளுக்க முயலவில்லை. அதற்குத் தேவைப்படும் எதுவும் சுற்றியிருக்கும் வண்ணத்துக்கு ஆகாது. மேலே நிரப்புப் பூச்சு வரப்போவதால் கண்ணுக்கும் தெரியாது. அந்தக் குங்குமத்தின் சாயம் ஓவியத்துக்குள்ளேயே இருக்கும் என்று ஆத்தாவிடம் சொன்னபோது அவருக்கு அது நிறைவாக இருந்தது.

கிழிசலும் துணியும்

காக்கி ஒட்டை எடுப்பது எதிர்பார்த்ததைவிட நீண்ட வேலை. காய்ந்த வெள்ளைப் பசை தண்ணீரில் முழுதாகக் கரையாது, கரைப்பானை ஊற்றினால் முன்பக்க வண்ணம் கெடும். துணியை இழை இழையாக உரித்து, பசையைச் சிறிது சிறிதாக இளக்கிச் செதுக்க வேண்டியிருந்தது. பிறகு கிழிசலின் இரு கரைகளிலும் பிரிந்து நின்ற நூல்களை எதிரெதிரே அடுக்கி, ஸ்டர்ஜன் பசையில் கோதுமை மாவுப் பசையைக் கலந்து ஒவ்வொரு நூல் முனையையும் அதன் இணையோடு ஒட்டினேன். நூல் நூலாக இணைக்கும் இந்த முறையில் பின்னால் ஒட்டுத்துணி தேவையில்லை. அதனால் முன்பக்கத்தில் மேடும் தெரியாது.

முழு ஓவியத்தின் பின்னாலும் புதுத்துணி ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு அதுதான் வழக்கம். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து மெழுகும் பிசினும் கலந்து உருக்கி, ஓவியத்தின் பின்னால் புதுத்துணியோடு ஊற வைத்து ஒட்டினார்கள். அப்படி ஊறிய மெழுகைத் திரும்ப எடுக்க முடியாது, நிறங்களும் கறுத்துப் போகும். 1974-இல் லண்டனில் கிரீனிச்சில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு, தேவையான அளவுக்கு மட்டும் தலையிடுவது என்ற எண்ணம் துறையில் வலுப்பெற்றது. இந்த ஓவியத்தின் துணி நடுப்பகுதியில் நன்றாகவே இருந்தது. ஆணி அடித்த ஓரங்கள் மட்டும் துருவால் இற்றுப் போயிருந்தன. அந்த ஓரங்களுக்குப் பின்னால் பாலியஸ்டர் துணிப் பட்டைகளை, சூட்டில் இளகும் பேவா 371 என்ற பசைப்படலத்தால் ஒட்டினேன். அந்தப் பட்டைகளைப் பிடித்துத்தான் இப்போது துணி உட்சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. உட்சட்டம் பழைய தேக்கு. கரையான் தொடவில்லை. அதன் உள் விளிம்பு துணியில் பட்டு முன்பக்கம் கோடு விழ வைத்திருந்ததால், விளிம்பை மட்டும் சரிவாக இழைத்துக் கொடுத்தார் கோபியில் இருக்கும் தச்சர்.

விடுபட்ட இடங்களை நிரப்பியது

உருமாலையில் இருந்த எனாமலை உருப்பெருக்கியின் கீழ் சீவி எடுத்தபோது, அடியில் அசல் மடிப்புகள் பெருமளவு அப்படியே இருந்தன. சிறு விரிசலை மறைக்க ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பூசியிருந்தார்கள். இழந்த இடத்தில் மட்டும் தொட வேண்டும், அசலின் மேல் ஒரு புள்ளியும் ஏறக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. சுண்ணக்கட்டிப் பொடியையும் ஜெலட்டினையும் குழைத்துப் பள்ளங்களை நிரப்பி, பக்கத்து வண்ணத்தின் சொரசொரப்பை அதில் கொண்டுவந்தேன். அதன்மேல் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின், மெல்லிய படலமாக. இனி மேலே வைக்கும் எந்த நிறத்தையும், அசலைத் தொடாமல் பிற்காலத்தில் எடுத்துவிடலாம்.

நெற்றியின் நடுப்பகுதிக்குச் சுற்றியுள்ள நிறமே வழிகாட்டியது. புருவம் அப்படி இல்லை. அதன் வடிவத்துக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை, குடும்பத்தில் அவருடைய புகைப்படமும் இல்லை. ரோமில் 1939-இல் தொடங்கப்பட்ட மைய சீரமைப்பு நிறுவனத்தில் செசாரே பிராண்டி வகுத்த முறை இதற்கு உதவியது. இழந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் கண் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். பக்கத்தில் வந்தால், இது பிற்காலத்துக் கை என்று கோடுகளே சொல்லிவிடும். புருவத்தின் மேல் பாதி இப்போது அப்படிப்பட்ட கோடுகள்தான். அவருடைய முகத்தை நான் கற்பனை செய்து வரைய உரிமை எனக்கில்லை.

மாட்டியது

பாரலாய்ட் பி-72 இளகத் தொடங்கும் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ். குளிர்நாட்டு அருங்காட்சியகத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. சித்திரை வைகாசியில் ஈரோட்டுப் பக்கத்து வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் அந்த எண்ணை எட்ட வாய்ப்பு உண்டு. இளகிய படலத்தில் புழுதி பதிந்தால் எடுப்பது கடினம். மேற்பூச்சை இயன்றவரை மெலிதாக வைத்ததற்கும், கண்ணாடியை வலியுறுத்தியதற்கும் இது இன்னொரு காரணம். அக்ரிலிக் தகடு எடை குறைவு என்றாலும், துடைக்கும்போது மின்னேற்றம் பெற்றுச் செதில்களை இழுக்கக்கூடும், கீறலும் விழும். தினமும் ஈரத்துணி படப்போகிற படத்துக்குக் கண்ணாடிதான் ஏற்றது. ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சட்டத்தின் உள்ளே மரத்துண்டுகள் வைத்து இடைவெளி விட்டோம். பின்பக்கம் பலகை அடைத்து, சுவரில் படாதபடி நான்கு மூலைகளிலும் கார்க் துண்டுகள்.

வயல் பக்கத்துச் சுவரை விட்டுவிட்டு, ஆசாரத்தை உள்ளறையிலிருந்து பிரிக்கும் நடுச்சுவருக்குப் படம் மாறியிருக்கிறது. விளக்கு மாடம் பழைய இடத்திலேயே இருக்கிறது. படத்துக்கு நேர்கீழே விளக்கோ சாம்பிராணியோ வேண்டாம் என்பதை ஆத்தா ஏற்றுக்கொண்டார். மாலை, சட்டத்துக்கு மேலே சுவரில் அடித்த ஆணியில் தொங்கும். பொட்டு கண்ணாடியில். துணியை நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும், நீர் வழிந்து சட்டத்தின் காடிக்குள் இறங்கிவிடக்கூடாது என்பதைப் பேரனின் மனைவி கற்றுக்கொண்டிருக்கிறார்.

கொங்கு வட்டாரத்தில் இப்படிப்பட்ட படங்களை எங்கே காட்டுவது என்று பலர் கேட்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலிருந்து வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இயங்குகிறது. லக்னோவில் 1976-இல் தொடங்கப்பட்ட தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்தின் வட்டார மையம் மைசூரில் இருக்கிறது. சத்தியமங்கலம் வழியாகப் போனால் கோபிக்கு மைசூர் தொலைவு அல்ல. படத்தைத் தூக்கிக்கொண்டு போகும் முன், நல்ல வெளிச்சத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் புகைப்படம் எடுத்துக் காட்டி ஆலோசனை கேட்பது நல்லது. சட்டம் போடும் கடையில் வார்னிஷ் அடித்துத் தரச் சொல்வது எந்த நிலையிலும் வேண்டாம்.

பயன்படுத்திய பொருள்கள் ஒவ்வொன்றின் பெயரும், எந்த இடத்தில் என்ன செய்தேன் என்பதும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் அடங்கிய கோப்பு வீட்டாரிடம் இருக்கிறது. நாளை வேறொரு சீரமைப்பாளர் வந்தால் அவருக்கு அது தேவைப்படும். இடது கீழ் மூலையில் சில செதில்கள் முழுதாகப் படியவில்லை. கட்டாயப்படுத்தினால் உடையும் என்று விட்டுவைத்திருக்கிறேன். அவற்றின் நெருக்கப் படமும் கோப்பில் இருக்கிறது. அடுத்து வாய்க்காலில் தண்ணீர் திறந்து நடுச்சுவருக்கும் ஈரம் வருகிறதா என்று தெரிந்த பிறகு, அந்த மூலையை மீண்டும் பார்க்கப் போகிறேன்.